இடது கண்ணாடிக்கு வாங்கிய கார்டு

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். அதையும் முழுதாகச் சொல்ல முடியாது. அரையாண்டுப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு லாரியில் ஏறிவிட்டேன். பாறசாலைப் பக்கம் சொந்த ஊர். கிளீனராக ஏறி, டிரைவராகி, கடைசியில் பதினொரு லாரிக்கு முதலாளியானேன். பதினொன்றும் நானே பார்த்து வாங்கியவை. பதினொன்றும் பழைய வண்டிகள். ஒன்றுகூட என்னை ஏமாற்றவில்லை. பெரிய படிப்புப் படித்தவர்கள் வாங்கிய புது வண்டிகள் நெய்யாற்றின்கரை வளைவில் மூக்கைத் திறந்துகொண்டு நிற்கும்போது என் பழைய வண்டிகள் அவற்றைத் தாண்டிப் போயிருக்கின்றன. ஹாரன் அடித்துக்கொண்டுதான் போகும். அது என் உத்தரவு.

இதை முதலிலேயே சொல்லிவைக்கக் காரணம் உண்டு. எழுபத்தோராம் வயதில் நான் கம்ப்யூட்டருக்கு கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போன விஷயத்தைச் சொல்லப்போகிறேன். பொருள் பார்த்து வாங்கத் தெரியாத ஆள் சொல்லும் கதை இது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

லாரிகளை விற்றுவிட்டு நேமத்தில் வீடு கட்டிக் குடியிருக்கிறேன். ஒரு சின்னக் கார் வைத்திருந்தேன். போன வருடம் அதன் சாவியை என் மனைவி என்னிடமிருந்து வாங்கி, அலமாரிச் சாவிக்கொத்தில் கோர்த்துக்கொண்டாள். கேட்டின் இடது தூணை நான் மூன்று முறை உரசியிருந்தேன். தூண் நிற்கும் இடம் சரியில்லை. நான்காவதாக, கிழக்கேகோட்டையில் நிறுத்தியிருந்த ஒரு ஸ்கூட்டரைத் தள்ளிவிட்டேன். அதுவும் இடது பக்கம்தான்.

"அந்த ஸ்கூட்டர் கடைசி நேரத்தில வந்துட்டு," என்றேன்.

"ஸ்டாண்டு போட்டு நின்ன ஸ்கூட்டர் எப்பிடி வரும்?" என்றாள். "அதுக்க சீட்டுல ஒரு பூனை கிடந்து ஒறங்கிச்சு. நீங்க வாறது பூனைக்கு தெரிஞ்சுது. சாடி ஓடிப் போச்சு. ஒங்களுக்குத்தான் ஸ்கூட்டர் தெரியல்ல."

கண் டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். கண்ணில் அழுத்தம் கூடுதல், இடது கண்ணில் ஓரப் பார்வை கொஞ்சம் போயிருக்கிறது, மீதியைக் காப்பாற்ற மருந்து விடுங்கள், வண்டி ஓட்டுவதை யோசித்துச் செய்யுங்கள் என்றார். அவர் சொன்னதில் எனக்குப் பிடித்த வார்த்தை 'கொஞ்சம்'. அதை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்தேன். ஐம்பது வருடம் வண்டி ஓட்டியவனுக்குக் கண் இரண்டு மட்டும்தானா? முதுகிலும் பிடரியிலும் கண் உண்டு. அதை அவர்கள் மெஷினில் வைத்துப் பார்க்கவில்லை.

எங்கள் மகள் கழக்கூட்டம் என்னும் ஊரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். வீட்டோடுதான் இருக்கிறாள். நான் சாவியில்லாமல் காரை மட்டும் தினமும் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, தன் பழைய கம்ப்யூட்டரில் லாரி ஓட்டும் விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாள். மேஜையில் மாட்டும் ஸ்டியரிங், கீழே மூன்று பெடல். எல்லாம் வாங்கி வந்தாள். நாற்பது டன் இழுக்கும் டிரெய்லர் லாரி. ரோடு இங்கிலாந்தில். அங்கேயும் நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள். அந்த மட்டில் அறிவுள்ள நாடு.

ஓட்டத்தில் நான் ராஜா. ஒரே வாரத்தில் அந்த நாட்டின் துறைமுகம் எல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் சரக்கைக் கொண்டுபோய் இறக்க டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் தினமும் இடது பக்கம் எதையாவது இடித்துக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் ஒரு கம்பம்.

"கம்பம் தாமசிச்சு வருது மக்ளே," என்றேன் மகளிடம். "இல்லாத எடத்துல திடீர்னு வந்து நிக்குது."

அவள் என்னவெல்லாமோ திறந்து பார்த்தாள். பிறகு சொன்னாள்: "இந்த கார்டு ரொம்பப் பழசாக்கும் அப்பா. ரோடு, மரம், கண்ணாடில தெரியுதது, எல்லாத்தையும் வரையுதது இந்த கார்டுதான். இதுக்கு முடியாதுன்னு சைடு கண்ணாடியை நான் மங்கலா வச்சிருக்கேன். தூரத்துல நிக்குத சாமானையும் பக்கத்துல வந்த பெறகுதான் வரையும்."

அதைவிட இனிப்பான பேச்சை என் ஆயுசில் கேட்டதில்லை. அடுக்களையிலிருந்து மனைவியைக் கூப்பிட்டேன்.

"இன்னொருக்கா சொல்லு. ஒனக்க அம்மை கேக்கட்டு."

மகள் மறுபடியும் சொன்னாள். மனைவி கையில் தேங்காய்த் துருவலோடு நின்று கேட்டாள்.

"அப்போ ஸ்கூட்டரையும் கார்டு தாமசிச்சு வரைஞ்சிட்டோ?" என்றாள்.

இப்படித்தான் எங்களுக்குள் ஒப்பந்தம் ஆனது. நல்ல கார்டு வாங்கிப் போடுவது. அதில் மூன்று முறை எதையும் தொடாமல் டிரெய்லரை ரிவர்ஸ் எடுத்து நிறுத்திக் காட்டினால் கார் சாவி எனக்கு. தொட்டால் சாவி அவளுக்கு, நான் அதைப் பற்றி மறுபடி வாய் திறக்கக் கூடாது. மகள் சாட்சி. ஆக நான் வாங்கப் போனது விளையாட்டுச் சாமான் இல்லை. என் கார் சாவியை.

கடை கிழக்கேகோட்டையில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில். மகள் அரை நாள் லீவு போட்டு வந்தாள். கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும், தாடி, நல்ல மரியாதை.

"ஆர்க்காணு அங்கிளே? கொச்சுமோனோ?" என்றார். பேரனுக்கா என்று கேட்கிறார்.

"எனக்காக்கும்."

"ஏது கேம்?"

"லாரி."

அவர் என் மகளைப் பார்த்தார். மகள் கூரையைப் பார்த்தாள்.

முதலில் ஒரு செகண்ட் ஹேண்ட் கார்டை எடுத்து வைத்தார். பெரிய வகை, ஆனால் விலை பாதி, ஒரே ஓனர், புதுசு போல இருக்கிறது பாருங்கள் என்றார். பார்த்தேன். புதுசுக்கும் மேலே மினுங்கியது. கையில் எடுத்து மோந்து பார்த்தேன். லேசாகத் தின்னர் வாடை.

லாரி வாங்குவதில் எனக்கு ஒரு சட்டம் உண்டு. விற்கிற அன்று கழுவிய எஞ்சினை வாங்காதே. அழுக்கு எஞ்சின் உண்மை பேசும், எங்கே எண்ணெய் கசிகிறது என்று காட்டும். கழுவிய எஞ்சின் வாயை மூடிக்கொள்ளும். மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு கார்டின் திருகாணிகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றின் தலையும் பலமுறை கழற்றி மாட்டிய மாதிரி தேய்ந்திருந்தது.

"ஒரே ஓனர். செரி," என்றேன். "ஸ்க்ரூவுக்க தலையில நாலு பேருக்க கைப்பாடு கெடக்கே பிள்ளே."

கடைக்காரர் தாடியைச் சொறிந்தார். "அது... மைனிங்கினு ஓடியதாணு அங்கிளே. கொறச்சு மாசம்." கொஞ்ச மாதம் மைனிங்குக்கு ஓடியதாம்.

மகள் விளக்கினாள். கம்ப்யூட்டரில் காசு உண்டாக்குகிறோம் என்று சிலர் இந்தக் கார்டுகளை வரிசையாக மாட்டி, நிறுத்தாமல் இரவும் பகலும் ஓட விடுவார்களாம்.

"ராவும் பகலும் மணல் அடிச்ச வண்டி," என்றேன். "உள்ள வச்சுக்க."

அந்த நிமிடத்திலிருந்து கடைக்காரர் என்னிடம் மலையாளத்தைக் குறைத்துக்கொண்டு தமிழில் பேச ஆரம்பித்தார். மதிப்பு வந்தால் அப்படித்தான். பழைய சரக்கு வேறு ஒன்றும் அவரிடம் இல்லை. ஆகவே என் வாழ்க்கையில் முதல்முறையாகப் புதுசு பார்க்க வேண்டிவந்தது. மூன்று எடுத்து வைத்தார். எட்டு ஜிபி, பன்னிரண்டு ஜிபி, பதினாறு ஜிபி. ஜிபி என்றால் என்ன என்று கேட்டேன். கார்டு வரைய வேண்டிய படங்களைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்ளும் இடம் என்றார். லாரியின் பாடி என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. எத்தனை டன் ஏற்றலாம் என்பது கணக்கு. அதை இழுக்க எஞ்சினுக்குத் தெம்பு இருக்கிறதா என்பது வேறு கணக்கு.

பதினாறைக் காட்டி, "இதில தண்ணியில வெளிச்சம் விழுந்நா அப்படியே மின்னும் அங்கிளே," என்றார்.

"நான் தண்ணியில வண்டி விடல்ல. இடது கண்ணாடியில பின்னால வாற வண்டிக்க நம்பர் வாசிக்க முடியுமா? அதைச் சொல்லு."

இப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. அவரே ஒப்புக்கொண்டார்.

"அப்பா, ரிவ்யூ நெறைய இருக்கு. அதைப் பாத்தா போதும்," என்றாள் மகள்.

"ரிவ்யூ எழுதினவன் கையை வச்சுப் பாத்தானா?"

வாங்கும் முன் ஒவ்வொரு லாரியையும் லோடு ஏற்றிக் கல்லாறு வரை ஓட்டிப் போவேன். அங்கிருந்து பொன்முடி ஏற்றம், இருபத்திரண்டு கொண்டை ஊசி. ஏறி இறங்கி, கல்லாற்றில் சாயா குடிக்க நிறுத்தும்போது ரேடியேட்டர் பக்கம் உள்ளங்கையைக் காட்டிப் பார்ப்பேன். சூடு என்ன, சத்தம் என்ன, வாடை என்ன. சாயா குடித்து முடிப்பதற்குள் வாங்குவதா வேண்டாமா என்று முடிவு சொல்லிவிடுவேன். காலி வண்டியைச் சமதரையில் ஓட்டிப் பார்த்து வாங்குகிறவன் வாங்கியபிறகு அழுவான்.

"இதைப் பொன்முடி ஏத்திக் காட்டு," என்றேன்.

கடைக்காரருக்குப் புரிய மகள் உதவினாள். கடைக் கம்ப்யூட்டரில் அதே லாரி விளையாட்டைப் போட்டு, மழை, நெரிசல், மலைப்பாதை எல்லாம் வைத்து, கண்ணாடி இரண்டையும் முழுத் தெளிவில் திறந்து, அவரே ஓட்டினார். ஒவ்வொரு கார்டுக்கும் அரை மணி நேரம். நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பெட்டியின் பின்னால் காற்று வரும் இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, இடது கண்ணாடியை மட்டும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு ஜிபி ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. கண்ணாடிக்குள் வரும் கார் தவளை போலத் தத்தித் தத்தி வந்தது. பன்னிரண்டு நிதானமாக ஏறியது, சூடு கையைச் சுடவில்லை, ஃபேன் சத்தம் ஒரே சுருதி. பின்னால் வந்த வேனின் நம்பரை நான் சத்தமாக வாசித்தேன். பதினாறும் அதையேதான் காட்டியது.

"பன்னிரண்டு போதும்," என்றேன். "ஆறு டயர் இழுக்குத லோடுக்கு எனக்கு எதுக்கு பத்து டயர்?"

"நீளம் கூடுதலாணு அங்கிளே, பெட்டிக்குள்ள கேறுமோ? பலரும் வாங்கிட்டுப் போய்த் திரும்பக் கொண்டு வரும்."

நான் வருவதற்கு முன்பே பெட்டியைத் திறந்து அளந்துவிட்டுத்தான் வந்திருந்தேன். ஒரு சாண், நான்கு விரல். கார்டை அளந்தேன். ஒரு சாண், இரண்டு விரல். பழைய பவர் சப்ளை இதற்குக் கரண்டு கொடுக்கப் போதாது என்று அவர் சொல்ல வாயெடுத்தபோது, பெரிய எஞ்சினுக்குப் பழைய டீசல் பம்ப் போதாது என்று நான் சொல்லி முடித்துவிட்டேன். அதையும் மாற்றச் சொன்னேன். கிளம்பும்போது கடைக்காரர் மகளிடம், இப்படி ஒரு கஸ்டமர் இந்தக் கடைக்கு வந்ததில்லை என்றார். அவள் மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு நின்றதன் காரணம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கார்டைக் கம்ப்யூட்டரில் மாட்டியாயிற்று. அன்றைக்கே போட்டியை வைத்துவிடலாம் என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை.

புது லாரி எடுத்தவர்கள் முதல் சில ஆயிரம் கிலோமீட்டருக்கு எஞ்சினை முறுக்கமாட்டார்கள். பின்னால் 'ரன்னிங்-இன்' என்று எழுதி வைத்துக்கொண்டு மெதுவாக ஓட்டிப் பழக்குவார்கள். பழைய வண்டியே வாங்கிப் பழகிய நான் அந்த எழுத்தை அடுத்தவர் வண்டியின் பின்னால்தான் பார்த்திருக்கிறேன். இப்போது என்னிடமும் ஒரு புதுச் சரக்கு இருந்தது. ஒரு அட்டையில் எழுதி கம்ப்யூட்டர் பெட்டியில் ஒட்டினேன்.

"அப்பா, இதுக்கு அதெல்லாம் இல்ல. மொத நாளே முழுசா ஓட்டலாம்," என்றாள் மகள்.

"மொத நாளே முழுசா ஓட்டின எஞ்சினுக்க கதை எனக்கு தெரியும்."

"இது எஞ்சின் இல்லியே!"

"சூடாவுதில்லா? ஃபேன் இருக்கில்லா? பின்ன?"

மனைவி அட்டையைப் படித்துவிட்டுச் சொன்னாள்: "புது அரிசி வாங்கினாலும் ரெண்டு வாரம் பழக்கித்தான் ஒலையில போடணுமோ?"

இரண்டு வாரம் கார்டை மெதுவாகப் பழக்கினேன். கண்ணாடி மங்கல், மழை இல்லை, வேகம் நாற்பதுக்கு மேல் இல்லை. இடையில் கம்பங்களை இடித்தது உண்டு. ரன்னிங்-இன் காலத்தில் இடிப்பதெல்லாம் கணக்கில் வராது என்று நான் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். உண்மையில் அந்த இரண்டு வாரம் எனக்கு நல்ல வாரங்கள். சாவி எப்படியும் வரப்போகிறது என்று காரின் டயருக்குக் காற்றுகூட நிரப்பி வைத்தேன். ஆளை வீட்டுக்கு வரவழைத்துத்தான்.

மூன்றாம் ஞாயிறு, சர்ச் முடிந்து வந்து காப்பி குடித்துவிட்டு உட்கார்ந்தேன். மகள் எல்லாவற்றையும் முழுத் தெளிவுக்குத் திறந்துவிட்டாள். மனைவி சாவிக்கொத்தோடு நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அட்டையை நானே உரித்து எடுத்தேன்.

எனக்கு ஒரு நிமிடம் ஓட்டவே தோன்றவில்லை. இடது கண்ணாடியில் டிரெய்லரின் பக்கவாட்டுத் தகரம் ஆணி ஆணியாகத் தெரிந்தது. அதன் கடைசியில் சிவப்பு விளக்கு. அதற்கும் பின்னால் குடோன் சுவர், சுவரில் ஈரம். ஐம்பது வருடம் நான் பார்த்துப் பிழைத்த காட்சி. ரிவர்ஸ் போட்டேன். டிரெய்லரை வலது பக்கம் மடக்கி உள்ளே தள்ள வேண்டும். வலது கண்ணாடியில் சுவருக்கும் வண்டிக்கும் ஒரு முழம் வைத்துக்கொண்டு, நூல் பிடித்த மாதிரி ஏற்றிக்கொண்டிருந்தேன். இப்படி ரிவர்ஸ் எடுக்கிற ஒருவன் இந்த ஜில்லாவில் இல்லை என்று மனதுக்குள் நினைத்தேன். நினைத்து முடிவதற்குள் 'டம்' என்று சத்தம்.

"எதுல தட்டிச்சு?"

"கம்பம்," என்றாள் மகள்.

"அது எப்ப வந்தது?"

அவள் நடந்ததைத் திரும்பப் போட்டுக் காட்டினாள். நான் ரிவர்ஸ் போட்டது, வண்டி மடங்கியது, வண்டியின் மூக்கு இடது பக்கம் வீசியது. கம்பம் முதலிலிருந்தே அங்கே நின்றது. மஞ்சளும் கறுப்பும் பட்டை போட்டு, என் இடுப்பு உயரத்துக்கு, திரையின் இடது ஓரத்தில். அடியில் பெயிண்ட் உரிந்திருந்ததுகூடத் தெரிந்தது.

"அது மொதல்லே இருந்து அங்கதான் நிக்குது அப்பா."

ஒப்பந்தப்படி அப்போதே எல்லாம் முடிந்துவிட்டது. ஆனால் மனைவி, "இன்னொருக்கா எடுங்க," என்றாள். அவள் அப்படி விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. அதிலேயே எனக்குச் சங்கடம் ஆரம்பித்தது. இரண்டாம் முறை கம்பம் நிற்கும் இடம் தெரியும் என்பதால் அதைத் தப்பித்துவிட்டேன். அடுத்து நின்ற பெட்டிகளை அடுக்கோடு சரித்தேன். அவையும் முதலிலிருந்தே அங்கே இருந்தவை.

கார்டின் ஃபேன் ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருந்தது.

மகள்தான் பேசினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள். "செட்டிங்க்ஸ்ல கொஞ்சம் பிசகு இருக்கும்போல அப்பா. ஓரத்துல சரியா வரையல்ல. ஒருவேளை கார்டுக்க குற்றமா இருக்கும். மாத்திக் கேக்கலாம்."

அவள் எதற்காக அதைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இன்னும் ஒரு மாதம் ஓட்டலாம், இன்னொரு கார்டு வரும்வரை சாவிப் பேச்சு உயிரோடு இருக்கும். ஆனால் அப்படிச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? கையை வைத்து, மோந்து, அளந்து, பொன்முடி ஏற்றி, நான் எடுத்த சரக்கு மோசம் என்று அர்த்தம். பதினொரு லாரி எடுத்தவன் பன்னிரண்டாவதில் ஏமாந்தான் என்று அர்த்தம். அதைச் சொல்ல என் நாக்கு எழவில்லை.

"கார்டுக்கு ஒரு குற்றமும் இல்ல," என்றேன். "கம்பத்துக்க பெயிண்டு உரிஞ்சதுவரை காட்டியிருக்கு. இதுக்கு மேல ஒரு கார்டு என்ன காட்டணும்?"

ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தேன். மனைவி சாவிக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ கண்ணாக்கும்," என்றாள் மெதுவாக.

"கண்ணாக்கும்," என்றேன்.

அந்தக் கார்டு வீணாகவில்லை. நான் வாங்கிய எதுவும் வீணாவதில்லை. அடுத்த மாதம் என் மனைவி, அறுபத்துநான்காம் வயதில், டிரைவிங் பள்ளியில் சேர்ந்தாள். நம் ஊரில் லைசென்ஸ் வாங்குவதற்கு, நட்டு வைத்த கம்பிகளுக்கு நடுவே எச் எழுத்துப் போல முன்னும் பின்னும் எடுத்துக் காட்ட வேண்டும். கம்பியில் தட்டினால் தோல்வி. பள்ளிக்காரர்கள் வாரத்தில் மூன்று நாள் அரை மணி நேரம்தான் வண்டி கொடுப்பார்கள். மீதி நாளெல்லாம் அவள் என் கம்ப்யூட்டரில் நாற்பது டன் டிரெய்லரை ரிவர்ஸ் எடுத்துப் பழகினாள். அதை எடுத்தவளுக்குச் சின்னக் கார் எம்மாத்திரம். முதல் தடவையிலேயே எச் எடுத்துவிட்டாள். கூட வந்த கல்லூரிப் பிள்ளைகள் நான்கு பேர் தோற்றார்கள்.

போன மாதம் கல்லாறு போனோம். அவள் ஓட்டினாள், நான் இடது சீட்டில். நெடுமங்காடு தாண்டி ஒரு முக்கில் வண்டியை நிறுத்தி, "எடது பக்கம் வண்டி வருதா?" என்றாள்.

பன்னிரண்டு வயதில் நான் லாரியில் ஏறியபோது என் வேலை அது ஒன்றுதான். கிளீனர் இடது பக்கம் பார்த்து, வழி இருந்தால் 'போட்டே', அதாவது போகட்டும், என்று சொல்ல வேண்டும். டிரைவர் அவன் சொல்லை நம்பி எடுப்பார். என்னை ஒருவரும் நம்பிக் கெட்டதில்லை.

ஓரக்கண்ணால் பார்த்துச் சொல்வது இனி நடக்காது. பெல்ட்டைத் தளர்த்தி, தோளோடு இடுப்பையும் சேர்த்து இடது பக்கம் திரும்பினேன். ரோட்டின் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை பார்த்தேன். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அடுத்து ஒரு ஜீப்பும் அடித்தது. என் மனைவி அசையாமல் காத்திருந்தாள். ஒரு பைக் போனது. அதற்குப் பின்னால் ஒரு ஆடு, ஆட்டுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. இன்னொரு முறையும் பார்த்தேன்.

"போட்டே," என்றேன்.

அவள் வண்டியை எடுத்தாள்.